மென்பொருள் மாற்றுமுன் செய்யத்தக்கவை

நமது சங்கங்களில் பேரேட்டின் இடத்தைக் கணினி ஏற்றுவருவது அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை, நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ஒரே பொது மென்பொருளின்கீழ் இணைக்கும் திட்டத்திற்கு ரூ.2,516 கோடி மதிப்பில் ஒப்புதல் அளித்தது. அதனைச் செயற்படுத்தும் பொறுப்பு நபார்டு வங்கியைச் சார்ந்தது. மென்பொருள் மாறும்போதெல்லாம் எழுமலை வட்டாரத்து உழவரின் பயிர்க்கடனும் நெசவாளரின் சேமிப்பும் பழைய இடம் விட்டுப் புதிய இடம் புகுகின்றன. வழியில் ஓர் எண்ணும் சிந்தாதிருக்கச் செய்யவேண்டுவன யாவை?

சங்கத்தின் பேரேடுகள் யாவும் கணினியில் ஒருங்கே தொகுக்கப்பெற்றதே தரவுத்தளம். முதலாவதாக அதனைச் சீர்செய்தல் வேண்டும். புதுப்பாவு பிணைக்குமுன் அறுந்த இழைகளைத் தேடி முடிவது நெசவாளர் வழக்கம் அன்றோ? நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில், தலைப்பெழுத்து மாறியதால் ஒரே அங்கத்தினர் இருவராகப் பதிவாகியிருந்தார். பங்குத்தொகை ஒரு பெயரிலும் கடன் மற்றொரு பெயரிலும் நின்றன. முன்னர் எழுத்தர் ஆளறிந்து சமாளித்துவந்தார். புதிய மென்பொருளோ, பங்கில்லாதவர் எனக் கருதி அவரது கடன் மனுவைத் தள்ளிவிட்டது. விதைப்புப் பருவத்தில் அந்த உழவர் பத்து நாள் அலைந்தார். இத்தகைய இரட்டைப் பதிவுகளையும் தீராத அனாமத்துக் கணக்குகளையும் முன்னரே நேர்செய்தல் வேண்டும்.

இரண்டாவதாக, முழு நகல் எடுத்தல். அவ்வேளையில் பதிவுகள் யாவும் நிறுத்தப்பட வேண்டும். சேமிப்பிலிருந்து கடனுக்கு ரூ.1,000 மாற்றப்படும் நொடியில் முறையின்றி நகல் எடுப்பின், சேமிப்பில் கழிந்த தொகை கடனில் வரவாகாமலே நகலில் நின்றுவிடக்கூடும்.

மூன்றாவதாக, அந்நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்தல். கிட்லேப் என்னும் அயல்நாட்டு நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஓர் ஊழியர், நகல் என்றெண்ணி மூலத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். காப்புக்கென வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றேனும் நம்பத்தக்கதாய் இல்லை. ஆறு மணி நேரத்திற்கு முன் வேறு காரியத்திற்காக எடுத்திருந்த பிரதியே கைகொடுத்தது. இடைப்பட்ட பதிவுகள் போயின. ஆதலின் நகலுக்குத் தனிப்பெயர் இடுக. திறந்து சரிபாராத நகலை நகலென நம்பற்க.

நான்காவதாக, புதிய மென்பொருளை நகலின்மீதே முதலில் ஓட்டிப் பார்த்தல். ஈரச்சாக்கில் நூறு விதைகளை இட்டு முளைப்பு எண்ணிய பின்னரே நிலத்தில் விதைக்கிறோம். அதுபோல், அங்கத்தினர் எண்ணிக்கை, பங்குத்தொகை, வைப்பு, கடன் நிலுவை ஆகிய மொத்தங்கள் பழையவற்றோடு ஒத்தனவா எனப் பார்க்கவேண்டும். இருபது கணக்குகளுக்கேனும் வட்டியைக் கையால் கணக்கிட்டு ஒப்பிடுவது நன்று. ஆனால் நகலிலிருந்து குறுஞ்செய்தி செல்லும் வழியை முன்னரே அடைத்தல் அவசியம். இல்லையேல், சோதனைக்கு எழுதிய தவணை அறிவிப்பு மெய்யான அங்கத்தினரின் கைப்பேசிக்குச் சென்று கலக்கம் விளைக்கும். ஆதார் எண், கைப்பேசி எண் முதலியவற்றையும் நகலில் மறைத்துவிடுதல் முறையாகும்.

சோதனை தேறிய பின்னரே, மாற்றும் நாளன்று, மீண்டும் புதிதாக ஒரு நகல் எடுத்துவைத்து மூலத்தில் கைவைக்கலாம். மொத்தங்கள் ஒவ்வாவிடில் பழைய நிலைக்குத் திரும்புவதே அறிவுடைமை. அவசரத்தில் திருத்திச் சேர்ப்பது பிழையை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

இவையெல்லாம் செயலாளர் வேலை என்று அங்கத்தினர் வாளாவிருத்தல் தகாது. மாற்றத்திற்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் கைப்புத்தகத்தில் இருப்பைப் பதிந்து வாங்கி, இரண்டையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு காணின் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். தம் கணக்கைத் தாமே பார்க்கும் அங்கத்தினரே சங்கத்தின் முதல் தணிக்கையாளர்.