சும்மா கிடக்கிற மலையா அது?



ஊட்டிக்கு வருகிறவர்கள் எல்லாரும் தொட்டபெட்டாவுக்குப் போவார்கள். 2,637 மீட்டர், நீலகிரியிலேயே உயர்ந்த சிகரம் ஆச்சே! சீசனில் அங்கே நிற்கக்கூட இடம் கிடைக்காது. நம்ம ஊருக்கு மேலே உள்ள புல்மலைக்கு மட்டும் யாரும் வருவதில்லை. "அங்க என்ன இருக்கு, வெறும் புல்லுதானே?" என்பார்கள். அந்தப் புல்லைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

அங்கே நடந்து பாருங்கள். மேட்டிலும் சரிவிலும் புல் இருக்கும். ஈரமான பள்ளத்தில் மட்டும் சோலைக்காடு இருக்கும். ஏன் தெரியுமா? மார்கழி, தை இரவுகளில் திறந்த வெளியில் உறைபனி விழும். அதில் சின்ன மரக்கன்று கருகிவிடும். புல்லின் குருத்து மண்ணை ஒட்டி இருப்பதால், மேலே காய்ந்தாலும் மழை வந்ததும் துளிர்த்துவிடும். ஆக, இது மரம் வெட்டியதால் வந்த புல் இல்லை. பல்லாயிரம் வருடமாக இருக்கிற புல்.

போன மாதம் அப்பாவுடன் போனபோது ஒரு சோதனை செய்தேன். ஒற்றையடிப் பாதையின் வெறும் மண்ணில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். செம்மண்ணாகக் கலங்கி ஓடிச்சு. பக்கத்துப் புல்லில் அதே அளவு ஊற்றினேன். ஓடவே இல்லை, உள்ளே இறங்கிடுச்சு! மழைத் தண்ணீரும் இப்படித்தான் மண்ணுக்குள் இறங்கி, மெல்ல மெல்ல ஊற்றாக வருகிறது. கோடையிலும் நம் ஓடை வற்றாததற்கு அதுவும் ஒரு காரணம்.

நம் மாநில விலங்கான வரையாடு மேய்வது இப்படிப்பட்ட புல்வெளியில்தான். 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் இங்கேதான் வளரும். 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்தது 2030.

ஆங்கிலேயர் காலத்தில் இந்த மலைகளில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் நட்டார்கள். சீகை விதை தானாகவே பரவிப் புல்வெளியை மூடிவிடும். மூடினால் வரையாட்டுக்கு மேய்ச்சல் ஏது? குறிஞ்சிக்கு வெயில் ஏது?

மரம் நடும் விழா வந்தாலே "மலை சும்மாதானே கிடக்குது, அங்க நடலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். மரம் நடுவது நல்லதுதான். நம் பள்ளி வளாகத்தில் நடுவோம், ரோட்டோரம் நடுவோம், வீட்டுப் பக்கம் நடுவோம். புல்மலையைப் புல்லாகவே விடுவோம். அது சும்மா கிடக்கவில்லை தோழிகளே, நமக்குத் தண்ணீர் சேர்த்துக்கிட்டு இருக்குது!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி