சிப்பிகளை வீட்டில் அழகுற வைக்கும் முறை

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து பள்ளிக்கு வரும் நம்மில் பலருடைய வீட்டில் ஒரு டப்பா நிறையச் சங்கும் சிப்பியும் சோழியும் இருக்கும். ஜன்னல் திண்டில் தூசி படிந்து, நிறம் மங்கி, கடைசியில் அவை குப்பையோடு போய்விடுகின்றன. அவற்றைக் கெடாமல் காத்து, வீட்டிற்கு வருவோர் கண்டு மகிழும்படி அடுக்கும் முறையைத் தோழியருக்கு இங்கே கூற விரும்புகிறோம்.

எவற்றைச் சேர்க்கலாம்?

உயிருள்ளதை எடுப்பது தவறு. வெறுங்கூட்டிலும் துறவி நண்டு குடியிருக்கலாம். ஏரி பறவைகள் சரணாலயமாகவும் இருப்பதால் அங்கிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 2001 முதல் சில சங்கு, சிப்பி இனங்களும் பவளமும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே சமையலில் மிஞ்சிய மட்டி ஓடு, கடலில் வீசிய வலையிலிருந்து கரையில் உதறிய சாதாரணக் கூடு, பாட்டி காலத்திலிருந்து வீட்டில் கிடப்பவை ஆகியவையே போதும். ஐயமிருந்தால் ஆசிரியையைக் கேட்ட பின்னரே சேர்க்க வேண்டும்.

சுத்தம் செய்தல்

நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை அவ்வப்போது மாற்ற வேண்டும். உள்ளே உப்பு தங்கினால் அது ஈரத்தை இழுக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து நிழலில் உலர்த்துக. வெயில் நிறத்தை வெளுக்கச் செய்யும். எலுமிச்சையும் வினிகரும் கூடவே கூடாது. சிப்பி ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் நுரைத்துக் கரைந்துவிடும்.

எதில் வைப்பது?

மர அலமாரியில் வைத்த சிப்பிகள்மேல் வெண்பொடி பூப்பதுண்டு. 1899-இல் பைன் என்ற ஆங்கிலேயர் இதைப் பற்றி எழுதியதால் ‘பைன் நோய்’ என்று பெயர் வந்தது. உண்மையில் இது நோயன்று. மரம், மட்டமான அட்டை, சிலவகைப் பசை ஆகியவற்றிலிருந்து எழும் அமில ஆவி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஓட்டை அரிக்கிறது. உப்புக்காற்று வீசும் நம் ஊரில் ஈரத்திற்குக் குறைவில்லை. எனவே புது மரப்பெட்டியைவிடக் கழுவிக் காயவைத்த கண்ணாடிப் புட்டியே மேல். அடியில் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியை மடித்துப் போடலாம். அட்டையில் பசையிட்டு ஒட்ட வேண்டாம். ஒட்டினால் மறுபுறத்தைப் பார்க்கவும் இயலாது.

அடுக்கும் விதம்

அளவு பார்த்து அடுக்குவது வழக்கம். அதைவிட இடம் பார்த்து அடுக்குவது அறிவுக்கு உகந்தது. மேல்தட்டில் கடற்கரைச் சிப்பி, நடுத்தட்டில் முகத்துவாரத்துச் சிப்பி, கீழ்த்தட்டில் ஏரிச் சேற்று மட்டி என வைத்தால், உப்புநீரும் ஆரணியாற்று நன்னீரும் கலக்கும் நம் ஏரியின் வரைபடமே அலமாரியில் அமைந்துவிடும்.

பெயர் எழுதுதல்

ஒவ்வொன்றிற்கும் எண்ணிட்டு, நோட்டுப் புத்தகத்தில் பெயர், கிடைத்த இடம், தேதி, கொடுத்தவர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுக. ஈரம் பட்டாலும் அது கலையாது. பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை அமைத்த அதே டச்சுக் கம்பெனியில், அம்போன் தீவில் பணியாற்றியவர் ரும்ஃபியஸ். 1670-இல் பார்வையிழந்தும், பிறர் உதவியோடு சிப்பிகளைப் பற்றி எழுதினார். தீவு மக்கள் சொன்ன பெயர்களையும் குறித்துக்கொண்டார். அவர் மறைந்த பின் 1705-இல் அந்நூல் அச்சாயிற்று. அவர் சேகரித்த சிப்பிகளோ 1682-லேயே இத்தாலியப் பிரபு ஒருவரிடம் போய்விட்டன. கைவிட்டுப் போனது பொருள், எழுத்து நிலைத்தது.

தாத்தாவும் சித்தப்பாவும் சிப்பிகளுக்குச் சொல்லும் பெயர்கள் பல எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதாவிட்டால், புட்டியில் ஓடு மட்டும் மிஞ்சும். பெற்றோர்களே, பிள்ளை கேட்கும்போது சலிக்காமல் சொல்லுங்கள். தோழியரே, இறைவன் மண்ணுக்கும் நீருக்கும் நடுவே படைத்த இச்சிற்றுயிர்களின் வீட்டை நம் வீட்டில் மதிப்போடு வைப்போமாக!