வெயிலுக்கு முன் எது, வெயிலுக்குப் பின் எது?

கேள்வி:

டாக்டர், எனக்கு 36 வயது. வேலூரில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. காலை ஒன்பதரைக்கு ஸ்கூட்டரை எடுத்தால், மதியம் இரண்டு மூன்று இடங்களுக்கு அலைந்துவிட்டு வீடு திரும்ப ஆறு மணி ஆகிவிடும். சித்திரை பிறந்ததுமே முகம் கறுக்க ஆரம்பித்துவிடுகிறது. நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழிகிறது. கன்னம் மட்டும் வறண்டு எரிகிறது. இரண்டு கன்னத்திலும் பழுப்பாகத் திட்டு வேறு வந்திருக்கிறது.

கடையில் விற்கும் க்ரீம் பக்கமே நான் போவதில்லை. அம்மா சொன்னபடி தினமும் காலையில் நலங்கு மாவு தேய்த்துக் குளிக்கிறேன். எலுமிச்சைச் சாற்றில் தேன் கலந்து முகத்தில் பூசி, காய்ந்ததும் கழுவிவிட்டுக் கிளம்புகிறேன். தேங்காய் எண்ணெய் தடவினால் சன்ஸ்கிரீனே வேண்டாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், அதையும் செய்கிறேன். இவ்வளவு செய்தும் திட்டு கூடிக்கொண்டுதான் போகிறது. எட்டு வயது மகளுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. கோடை முடியும்வரை எங்கள் இருவருக்கும் இயற்கையான முறையில் ஒரு தோல் பராமரிப்பு சொல்ல முடியுமா?

– ஒரு வாசகி, வேலூர்

பதில்:

தாராளமாகச் சொல்லலாம். தேவையானவை அநேகமாக உங்கள் சமையலறையிலும் நாட்டு மருந்துக் கடையிலுமே கிடைக்கும். நீங்கள் பூசுகிற பொருளைவிட, பூசுகிற நேரம்தான் உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. வெயில் இறங்கிய பிறகு தோலுக்கு நல்லது செய்யும் சில சரக்குகள், வெயிலில் கிளம்பும் முன் பூசினால் அதே தோலைக் கறுக்க வைக்கும். நலங்கு வைத்த பெண்ணை வெயிலில் அனுப்ப மாட்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெளியில் அலையாதே என்பார்கள். பொருளை நாம் எடுத்துக்கொண்டோம், அதோடு வந்த கட்டுப்பாட்டை விட்டுவிட்டோம்.

முதலில் எலுமிச்சையை நிறுத்துங்கள்

நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. எலுமிச்சைச் சாற்றின் அளவு 2. மூன்று புள்ளிதானே என்று தோன்றும். இந்தக் கணக்கில் ஒவ்வொரு புள்ளியும் பத்து மடங்கு. ஆக, தோலைவிட ஆயிரம் மடங்கு அமிலம். உங்கள் கன்னம் வறண்டு எரிவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய தொல்லை, எலுமிச்சையில், குறிப்பாக அதன் தோலில் இருக்கும் ஃபியூரோகூமரின் என்ற பொருள். அது தோலில் ஊறியிருக்கும்போது வெயில் பட்டால், ஒன்றிரண்டு நாளில் அந்த இடம் சிவந்து எரியும், சிலருக்குக் கொப்புளமும் வரும். பிறகு பழுப்பு நிறம் படிந்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கும். திருவிழாப் பந்தலில் பானகத்துக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்துவிட்டு வெயிலில் நின்றவர்கள் எங்களிடம் வருவார்கள். புறங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சாறு வழிந்த தாரை அப்படியே பழுப்புக் கோடாக இருக்கும். சூடு பட்டதோ, ஏதாவது கடித்ததோ என்று பயந்துபோய் வருவார்கள். நீங்கள் அந்தச் சாற்றை முகம் முழுக்கப் பூசிக்கொண்டு ஒன்பதரை மணி வெயிலில் வண்டி ஓட்டுகிறீர்கள். கழுவினாலும் ஊறியது மிச்சமிருக்கும். எலுமிச்சை இனி டம்ளருக்குள் மட்டும் இருக்கட்டும்.

நலங்கு மாவில் ஒரு சரக்கு

நலங்கு மாவு நல்ல பழக்கம், விடவேண்டாம். ஆனால் பல கடைகளின் கலவையில் கார்போகரிசி சேர்ப்பார்கள். அதில் சோராலன் இருக்கிறது. எலுமிச்சையில் இருப்பதற்கு இது நெருங்கிய உறவு. வெண்புள்ளி உள்ளவர்களுக்குக் கார்போகரிசியைப் பூசி வெயில் காட்டி நிறம் வரவைக்கும் முறை நம் பழைய மருத்துவத்திலேயே உண்டு. நிறம் இழந்த தோலுக்கு அது மருந்து. திட்டு உள்ள உங்கள் முகத்துக்கு அதுவே வினை.

அதனால் மாவை வீட்டிலேயே தயாரித்துக்கொள்ளுங்கள். பச்சைப்பயறு அரை கிலோ, பூலாங்கிழங்கும் கோரைக்கிழங்கும் 50 கிராம் வீதம், காய்ந்த பன்னீர் ரோஜா இதழ் 50 கிராம், வெட்டிவேர் 25 கிராம். வெட்டிவேரைப் பொடியாக நறுக்கி, எல்லாவற்றையும் மொறுமொறுவென்று காயவைத்து மில்லில் அரைக்கக் கொடுங்கள். மிளகாய் அரைத்த மெஷினில் அடுத்த ஈடாக உங்கள் மாவைப் போட விடாதீர்கள், முகம் தாங்காது. அரைத்ததை மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். சித்த மருந்துகளுக்கு வஸ்திரகாயம் செய்வது போலத்தான். சல்லடையோடு நிறுத்தினால் வெட்டிவேர் நார் தோலைக் கீறும்.

பொடியை ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். வேண்டிய அளவை அவ்வப்போது குழைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் சேர்த்த எந்த வீட்டுக் கலவையும் அன்றைக்கே தீரவேண்டும். அதில் கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் கிடையாது.

காலை

நலங்கு மாவைத் தண்ணீரில் தளரக் குழைத்து முகத்தில் தடவி, தேய்க்காமல் உடனே கழுவுங்கள். அழுக்கும் எண்ணெயும் போக அது போதும். குளியல் சோப்பு முகத்துக்கு வேண்டாம்; அதன் காரத்தன்மை கன்னத்தை இன்னும் வறட்டும். மஞ்சள் தூளும் வேண்டாம். சமையல் மஞ்சள் தூளில் நிறத்துக்காகக் கலப்படம் இருக்கலாம். முகத்தில் பூச அது ஏற்றதல்ல.

வறண்ட கன்னத்துக்குச் சோற்றுக்கற்றாழை. மடலை அடியோடு வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் கால் மணி நேரம் நிறுத்தி வையுங்கள். மஞ்சளாக ஒரு பால் இறங்கும். அரிப்பைக் கொடுப்பது அதுதான். அது முழுக்க வடிந்தபின் தோலைச் சீவி, சோற்றை நன்றாகக் கழுவி, மெல்லிதாகத் தடவுங்கள். கற்றாழையை நறுக்கியதும் நேராக முகத்தில் தேய்ப்பவர்கள்தான் ‘எனக்குக் கற்றாழை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வருகிறார்கள்.

அடுத்தது சன்ஸ்கிரீன். சமையலறையில் இதற்கு மாற்று இல்லை. தேங்காய் எண்ணெய் நம்பத்தகுந்த பாதுகாப்பு எதையும் தராது. முகத்து எண்ணெயோடு சேர்ந்து சாலைப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். உங்களுக்கு ரசாயனம் என்றால் தயக்கமாக இருந்தால், லேபிளில் ஸிங்க் ஆக்சைடு என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். துத்தநாகத்திலிருந்து வரும் தாதுப்பொடி அது. அந்தக் காலத்திலிருந்து வேர்க்குருவுக்குத் தடவும் காலமைன் லோஷனிலும் அதுதான் இருக்கிறது. எஸ்.பி.எஃப். 30 போதும். சரியான அளவு பூசினால் தோலைச் சுடும் புறஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் 98 சதவீதம். விலை வித்தியாசத்துக்கு அந்த ஒரு சதவீதம் பெரிதல்ல.

உங்கள் கன்னத்துத் திட்டு நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மங்கு போலத் தெரிகிறது. மங்குக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் ஆகாது. அதனால் தோல் நிறத்தில் வரும், இரும்பு ஆக்சைடு சேர்த்த சன்ஸ்கிரீன் உங்களுக்குப் பொருந்தும். சாம்பல் பூசினாற்போல வெளுப்பாகவும் தெரியாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பெரும்பாலோர் பூசுவது அதில் பாதிகூட இல்லை.

வெளியே

உஷ்ணத்தை வைத்து வெயிலை எடை போடாதீர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தார்ச்சாலை அனலாகக் கொதிக்கும். புறஊதாக் கதிர் அடங்கியிருக்கும். காலை ஒன்பதரைக்குக் காற்று இதமாக இருக்கும், கதிர் ஏறியிருக்கும். நல்ல அளவுகோல் உங்கள் நிழல். அது உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் தோலுக்கு ஆபத்தான நேரம். கோடையில் வேலூரில் அது ஏறக்குறைய ஒன்பது முதல் மூன்று மணி வரை. ஏப்ரல் கடைசி வாரத்தில் உங்கள் ஊரில் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். நிழல் காலடிக்குள் போய்விடும். மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி அதன் தொடர்ச்சிதான். புறஊதாக் குறியீடு 11-ஐத் தொட்டாலே உச்சகட்டம் என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. தெளிந்த வானம் உள்ள கோடை நாளில் நம் பக்கம் அது சாதாரணம்.

முகத்தைச் சுற்றும் துப்பட்டா மெல்லிய வெள்ளைத் துணியாக இருந்தால் பயன் குறைவு; நனைத்துப் போட்டால் இன்னும் குறைவு. நெருக்கமாக நெய்த, கொஞ்சம் அழுத்தமான நிறமுள்ள பருத்தித் துணி நல்லது. தளர்வான முழுக்கைச் சட்டை, கையுறை, ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிடுவது இவையெல்லாம் எந்தக் க்ரீமையும்விட இயற்கையான பாதுகாப்பு. மதியம் மறுபடி கிளம்பும் முன் வியர்வையை ஒற்றி எடுத்துவிட்டுச் சன்ஸ்கிரீனை ஒருமுறை புதுப்பியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது நிற்காது.

மாலையும் இரவும்

வீட்டுக்கு வந்ததும் ஐஸ் தேய்க்காதீர்கள். வியர்வை அடங்கட்டும், பிறகு குளிர்ந்த தண்ணீரில் குளியுங்கள். முகம் எரிந்தால் வெட்டிவேர் ஊறிய தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு வைக்கலாம். துடைத்துக் காயும் முன், ஈரம் இருக்கும்போதே கைகால்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கன்னத்துக்கு இரண்டு சொட்டு போதும். நெற்றிக்கும் மூக்குக்கும் வேண்டாம்.

வாரம் இருமுறை இரவில் புளிக்காத தயிரைப் பத்து நிமிடம் பூசிக் கழுவலாம். அதிலுள்ள லாக்டிக் அமிலம் இறந்த மேல்தோலை மெதுவாக நீக்கும். முல்தானி மட்டியை எண்ணெய் வழியும் இடத்தில் மட்டும், வாரம் ஒருமுறை. அது வெடித்துப் பாளம் பாளமாகும்வரை விடாதீர்கள். ஈரம் இருக்கும்போதே கழுவுங்கள். குழைக்கப் பச்சைத் தண்ணீர் போதும், பன்னீர் தேவையில்லை. கல்யாண வீட்டில் தெளிக்கிற பன்னீர் பெரும்பாலும் வாசனை சேர்த்த தண்ணீர்தான்.

மேல்தோல் முழுசாகப் புதுப்பிக்கப்பட ஏறக்குறைய நாலு வாரம் ஆகும். புதிதாக வெயில் படாமல் காத்தால், கறுத்த நிறம் ஒன்றரை மாதத்தில் தெளியும். மங்கு அப்படி அல்ல. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

எதையும் ஒரேயடியாக ஆரம்பிக்காதீர்கள். புதுப் பொருளை முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பாருங்கள். ஒரு வாரத்துக்கு ஒன்று என்று சேர்த்தால்தான், ஒத்துக்கொள்ளாதது எது என்று பிடிபடும்.

மகளுக்கு

வேர்க்குரு என்பது வியர்வை வரும் துவாரம் அடைபட்டுப் போவது. அதனால் கோடை முடியும்வரை அவள் உடம்பில் எண்ணெய் வேண்டாம். பவுடரைக் கொட்டினால் அதுவும் வியர்வையில் குழைந்து அடைக்கும். இரண்டு வேளைக் குளியல், தளர்ந்த பருத்தி உடை, காற்றோட்டமான இடத்தில் தூக்கம் இதுதான் மருந்து. நுங்குத் தண்ணீரைத் தடவிப் பத்து நிமிடத்தில் கழுவிவிடலாம், குளிர்ச்சியாக இருக்கும். தித்திப்பு உடம்பில் காய்ந்து பிசுபிசுக்க விடாதீர்கள். அரிப்பு அதிகமானால் காலமைன் லோஷன். மோர், இளநீர், பதநீர் நிறையக் கொடுங்கள். முகப்பொலிவுக்காக அல்ல, வியர்வையில் போன தண்ணீருக்காக.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

வேர்க்குரு சீழ் பிடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ தாமதிக்காதீர்கள். முதுகிலோ கழுத்திலோ பொடிப்பொடியாக உதிரும் வெளிர்ந்த திட்டு இருந்தால் அது தேமலாக இருக்கலாம். தேமலை உண்டாக்கும் பூஞ்சைக்குக் கொழுப்பே தீனி. எண்ணெய் தடவத் தடவப் பரவும். பூஞ்சைக்கான மருந்து போட்டால்தான் குறையும்.

உங்கள் மங்கைப் பொறுத்தவரை, கர்ப்பத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதுவும் காரணமாக இருக்கலாம். இதற்கிடையில் யாராவது ‘மூலிகை க்ரீம், பத்தே நாளில் திட்டு போய்விடும்’ என்று லேபிள் இல்லாத டப்பாவை நீட்டினால் வாங்காதீர்கள். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் முகம் வெளுக்கப் பூசிய க்ரீம்களால் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அவற்றில் இருந்தது பாதரசம். ஸ்டீராய்டு கலந்தவையும் புழக்கத்தில் உள்ளன. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, வெயிலே ஆகாமல் போகும். ஜூன் முடியும்வரை மேலே சொன்னபடி செய்து பாருங்கள். திட்டு அப்போதும் அசையவில்லை என்றால், பூசி வந்தவை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். பாதி நோயை அந்தப் பையே அவருக்குச் சொல்லிவிடும்.