நிவாரண விமானங்களை நடத்தப்போகும் இளம் அதிகாரிகளுக்கு

1. பேரிடர் செய்தி வந்ததும் மேலிடம் கேட்பது, "எத்தனை விமானம் கிளம்பும்?" நீங்கள் கேட்க வேண்டியது, "அங்கே ஒரே நேரத்தில் எத்தனை நிற்கும், ஒன்றைக் காலிசெய்ய எவ்வளவு நேரமாகும்?" பத்து நிறுத்துமிடம், விமானத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் மணிக்கு ஐந்துதான். ஆறாவது விமானம் வானத்தில் வட்டமடிக்கும். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு காத்மாண்டுவில் அதுதான் நடந்தது. ஒரே ஓடுபாதை, மிகச் சில நிறுத்துமிடங்கள், உதவிக்குக் கிளம்பிய பல நாட்டு விமானங்கள். நம் விமானப்படையின் விமானங்களே சில இறங்க முடியாமல் திரும்பின.

2. ஆகவே முதல் விமானத்தில் ஃபோர்க்லிஃப்ட், இறக்கும் ஆட்கள், ரேடியோ. பிரமுகர்கள் பிறகு வரட்டும். (இதைச் சொல்லும் துணிச்சல் ரேங்க்கோடு தானாக வராது, பழக வேண்டும்.)

3. பெரிய விமானத்தைக் கண்டு மயங்காதீர்கள். சி-17 எழுபது டன்னுக்கு மேல் சுமக்கும். அந்த எடையை ஓடுபாதை எத்தனை நாள் தாங்கும்? காத்மாண்டு ஓடுபாதை சேதமடைந்து, மே 3 அன்று பெரிய விமானங்களுக்குத் தடை போட்டார்கள்.

4. இறங்கும் ஸ்லாட்டை ஒரே இடம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் யாருக்கு முன்னுரிமை என்பதை அந்த இடமே தீர்மானிக்கக் கூடாது. 2010 ஹைத்தி நிலநடுக்கத்தில் போர்ட்-ஓ-பிரின்ஸ் கட்டுப்பாட்டுக் கோபுரம் பயனற்றுப்போக, அமெரிக்க விமானப்படையினர் ஓடுபாதையோரம் ஒரு மடக்கு மேசை போட்டு ரேடியோவில் விமானங்களை இறக்கினார்கள். தொழில்திறமையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஊதிவிரிக்கும் அறுவை மருத்துவமனையைச் சுமந்த விமானம் டொமினிக்கன் குடியரசுக்குத் திருப்பிவிடப்பட்டது. அங்கிருந்து லாரியில் வந்து சேர்வதற்குள் எத்தனை அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயிருக்கும்! பட்டியலின் வரிசையைப் பாதிக்கப்பட்ட நாட்டின் அரசும் ஐ.நா. அமைப்புகளும் சொல்லட்டும், அந்த வரிசைப்படி இறக்குவது உங்கள் வேலை.

5. இறங்கத் தவறிய விமானத்துக்கு மறுவாய்ப்பு கிடையாது. 1948 ஆகஸ்ட் 13, முற்றுகையிடப்பட்ட பெர்லினுக்கு விமானங்களில் சரக்கு போய்க்கொண்டிருந்த காலம், மேகம் தாழ்ந்திருந்த நாள். டெம்பல்ஹோஃப் தளத்தில் ஒரு விமானம் ஓடுபாதையைத் தாண்டி எரிந்தது. பின்னால் வந்தவை மேலே அடுக்கடுக்காகச் சுற்றின. சுற்றிய அனைத்தையும் திரும்பிப் போகச் சொன்னார் அந்தப் போக்குவரத்தை நடத்திய அமெரிக்க ஜெனரல் டன்னர். அதன்பின் முதல் முயற்சியில் இறங்காத விமானம் சுமையோடு புறப்பட்ட தளத்துக்கே போக வேண்டும் என்பது விதி. கல்நெஞ்சம் போலத் தோன்றும். அந்த ஒழுங்கினால்தான் மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கு நின்றது.

6. திரும்பும் விமானத்தைக் காலியாக அனுப்பாதீர்கள். ஆனால் பயணிகளைத் திரட்டுகிறோம் என்று நிறுத்துமிடத்தை அடைத்துக்கொண்டும் நிற்காதீர்கள். ஏற வேண்டியவர்கள் விமானம் வருமுன்பே வரிசையில் இருக்க வேண்டும்.

7. ஸ்லாட் நேரத்தை யூடிசியில் மட்டும் எழுதுங்கள். நேபாள நேரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முந்தியது.