ஆஸ்திரேலியரின் அவை மரபு

ஒரு நாட்டு மக்களின் இயல்பை அவர்தம் விழாக்களிற் காணலாம். அவர்கள் தொழில் கருதிக் கூடும் கூட்டங்களில் அதனை இன்னும் தெளிவாகக் காணலாம். ஆஸ்திரேலியரின் வணிகக் கூட்டங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

அங்குக் காலந்தாழ்த்தி வருதல் பிறர் பொழுதைக் கவர்தலாகக் கருதப்படும். குறித்த நேரத்திற் கூடியவர்கள் கைகுலுக்கி, முகம் நோக்கி வாழ்த்துக் கூறுவர். வானிலையைப் பற்றியோ விளையாட்டைப் பற்றியோ சிறிது உரையாடுவர். பின்னர்ச் சுற்றிவளைக்காது செய்தியைப் பேசத் தொடங்குவர்.

அவர்கள் மேலாளரையும் இளைய எழுத்தரையும் பெயர் சொல்லியே அழைப்பர். பட்டமும் பதவியும் அடுக்கிப் பேசுவோர்க்கு அங்கு மதிப்பில்லை. தன்னை உயர்த்திப் பேசுவோனை, வயலில் மற்றவற்றினும் ஓங்கி நின்று வெட்டுக்கு இலக்காகும் கசகசாச் செடிக்கு ஒப்பிடுவர். தலைவர் கூறியதை இளையவர் மறுத்துரைக்கலாம்; காரணம் காட்டி மறுப்பின் அஃது அவமதிப்பன்று.

இத்தகைய சமத்துவ உணர்வு உழைப்பாளரிடையே வேரூன்றி வளர்ந்தது. 1856-ஆம் ஆண்டில் மெல்போர்ன் நகரக் கற்றச்சர்கள் வேலையை நிறுத்தி ஊர்வலம் சென்று, நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்னும் உரிமையைப் பெற்றனர்.

ஆயினும், 'எல்லார்க்கும் நேர்மையான வாய்ப்பு' என்று பேசிய நாடு, தன் தொல்குடி மக்களுக்கு அதனை நெடுங்காலம் மறுத்தது. 1788-இல் ஆங்கிலேயர் குடியேறிய அந்நிலம், முன்பு எவர்க்கும் உரியதன்று என்றே சட்டம் கொண்டிருந்தது. 1992-இல் மாபோ வழக்கில் அந்நாட்டுத் தலைமை நீதிமன்றம் அக்கொள்கையைத் தள்ளியது. 2008-இல் பாராளுமன்றக் கூட்டத்தொடர் முதன்முறையாகத் தொல்குடியினரின் வரவேற்புடன் தொடங்கியது. மறுநாள், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட தொல்குடிக் குழந்தைகளுக்கு இழைத்த தீங்கிற்காகப் பிரதமர் கெவின் ரட் அவ்வவையில் மன்னிப்புக் கோரினார்.

இன்று வணிகக் கூட்டங்கள் பலவும், அவ்விடத்தின் மரபுரிமையாளரான குடியினரின் பெயரைச் சொல்லி, அவர்தம் மூத்தோர்க்கு மதிப்புரைத்த பின்னரே தொடங்குகின்றன. இது வெறுஞ் சடங்கென்று குறை கூறுவோரும் அந்நாட்டில் உளர். சொல்லிய மதிப்பைச் செயலிலும் காட்டினாலன்றி அக்குறை நீங்காது.

உடன் அமர்ந்திருப்பவரைச் சமமாக மதித்தல் பண்பாகும். அவையில் இடம் பெறாதவரின் உரிமையையும் நினைந்து பேசுதலே அப்பண்பின் நிறைவாகும்.