லுவார் நதிக்கரை மாளிகைகள்



வகுப்பறையின் பின்சுவரில் பிரான்ஸ் நாட்டுப் படம் ஒன்றை வரைந்து மாட்டும் பணி இவ்வாண்டு எங்கள் குழுவுக்குக் கிடைத்தது. லுவார் நதியை நீல மையால் வரைந்தோம். திராட்சைத் தோட்டங்களுக்குப் பச்சை வண்ணம் தீட்டினோம். நதிக்கரையில் உள்ள புகழ்பெற்ற மாளிகைகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் அதற்குரிய அரசரின் பெயரை எழுதினோம். படத்தைப் பார்வையிட்ட சிஸ்டர் எங்களைப் பாராட்டிவிட்டு, “எல்லாம் சரி பிள்ளைகளே, அரசர்தாம் போர்க்களத்தில் இருந்தாரே! கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் கணக்குப் பார்த்தது யார்?” என்று கேட்டார். எங்களால் விடை சொல்ல முடியவில்லை. நூலகத்தில் அதைத் தேடிப் படித்தோம். அப்படித் தேடியதில் நாங்கள் அறிந்தவற்றையே இங்கே உங்களோடு பகிர்ந்து கொள்கிறோம். வாருங்கள், கற்பனை என்னும் தேரில் ஏறி லுவார் நதிக்கரைக்குச் சென்று வருவோம்.

நதியும் திராட்சையும்

பிரான்சின் மிக நீளமான நதி லுவார். இதன் நீளம் சுமார் 1000 கிலோமீட்டர். நாட்டின் நடுவிலுள்ள மலைப்பகுதியில் பிறந்து, அட்லாண்டிக் மாகடலில் கலக்கிறது. இதன் கரைகளில் ‘தூஃபோ’ எனப்படும் மென்மையான வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் மிகுதியாகக் கிடைக்கிறது. மாளிகைகள் பலவற்றைக் கட்டியது இந்தக் கல்லால்தான். கல்லை வெட்டியெடுத்த இடங்களில் பெரிய குகைகள் உண்டாயின. கோடையிலும் குளிர்ச்சி மாறாத அக்குகைகளில் இன்றும் திராட்சை இரசத்தைப் பீப்பாய்களில் வைத்துப் பக்குவப்படுத்துகின்றனர். மாளிகைக்குக் கல் தந்த குழியே திராட்சை இரசத்துக்குக் காப்பறையாக அமைந்தது எங்களுக்கு மிகவும் வியப்பாக இருந்தது.

இப்பகுதியிலுள்ள தூர் நகரின் ஆயராக 371ஆம் ஆண்டில் பொறுப்பேற்றவர் புனித மார்ட்டின். குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலாடையைப் பாதியாக வெட்டிக் கொடுத்தவர் இவரே. இவருடைய கழுதை ஒருநாள் கட்டவிழ்ந்து திராட்சைக் கொடிகளை மேய்ந்துவிட்டதாம். மறு ஆண்டு அந்தக் கொடிகளே மற்றவற்றைவிட நன்றாகக் காய்த்தனவாம். அதைக் கண்டுதான் மக்கள் கொடிகளைக் கவாத்து செய்யக் கற்றனர் என்று ஒரு பழங்கதை உண்டு. கதை எப்படியிருப்பினும், வெட்டப்படும் கொடியே நன்கு காய்க்கும் என்பது தோட்டக்காரர் அறிந்த உண்மை.

ஷாம்போர்: அரசனின் பெருமை

இம்மாளிகைகளுள் மிகப் பெரியது ஷாம்போர். முதலாம் பிரான்சுவா மன்னர் இதை 1519ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கினார். இதில் 400க்கும் மேற்பட்ட அறைகளும் 282 கணப்பு அடுப்புகளும் உள்ளன. சுற்றியுள்ள வேட்டைக்காட்டின் மதில் மட்டுமே 32 கிலோமீட்டர் நீளமுடையது. மாளிகையின் நடுவே இரண்டு சுழற்படிகள் ஒன்றையொன்று பின்னியவாறு மேலே செல்கின்றன. ஒன்றில் ஏறுபவரும் மற்றொன்றில் இறங்குபவரும் இடையிலுள்ள திறப்புகள் வழியே ஒருவரையொருவர் காணலாம். ஆனால் எதிர்ப்பட மாட்டார்கள்.

இப்படிக்கட்டு லியோனார்டோ டா வின்சியின் எண்ணத்தில் உதித்தது என்று கருதுவோர் உண்டு. அவர் 1516ஆம் ஆண்டில் மன்னரின் அழைப்பை ஏற்று இத்தாலியிலிருந்து இந்நதிக்கரையிலுள்ள அம்புவாஸ் நகருக்கு வந்தார். ஷாம்போர் பணி தொடங்கச் சில மாதங்களே இருந்தபோது, 1519 மே 2ஆம் நாள் அங்கேயே காலமானார். அவர் தம்முடன் கொண்டுவந்த ஓவியங்களுள் ‘மோனாலிசா’வும் ஒன்று என்பர். இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939ஆம் ஆண்டில் பாரிஸ் அருங்காட்சியகத்தின் ஓவியங்களைக் காப்பதற்காக ஷாம்போருக்குக் கொண்டு சென்றனர். அவற்றுள் ‘மோனாலிசா’வும் இருந்தது.

இவ்வளவு பெரிய மாளிகையில் மன்னர் தங்கியது மொத்தத்தில் சில வாரங்களே! 1525ஆம் ஆண்டில் அவர் இத்தாலியப் போரில் சிறைப்பட்டபோது கட்டுமானமும் நின்றுபோயிற்று. மக்களின் வரிப்பணம் கல்லாகி, கல்லும் பெரும்பாலும் வெறுமையாய்க் கிடந்தது. அழகைக் கண்டு வியக்கும்போதே இதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஷெனோன்சோ: மங்கையர் மாளிகை

சிஸ்டரின் கேள்விக்கு விடை ஷெனோன்சோவில் கிடைத்தது. லுவாரின் துணை நதியான ஷேரின் நீர்ப்பரப்பின் மேலேயே இம்மாளிகை நிற்கிறது. 1513ஆம் ஆண்டில் இவ்விடத்தைப் பெற்றவர் அரசாங்க நிதி அதிகாரியான தோமா போயே. அவர் அரசுப் பணியின் பொருட்டு வெளியிடங்களில் இருந்தார். ஆகவே கட்டட வேலையை நின்று நடத்தியவர் அவருடைய மனைவி கத்ரீன் பிரிசோனே அம்மையார். ஆந்த்ர் நதித் தீவிலுள்ள அழகிய அசே-லெ-ரிதோ மாளிகையின் வேலையையும் இவ்வாறே ஓர் அம்மையார்தாம் மேற்பார்த்தார். அவர் பெயர் பிலிப் லெபாயி.

கத்ரீனுக்குப் பின் ஷெனோன்சோ அரசர் கைக்குச் சென்றது. 1547ஆம் ஆண்டில் இரண்டாம் ஹென்றி மன்னர் இதைத் தியான் த புவாத்தியே என்னும் சீமாட்டிக்கு அளித்தார். நதியின் குறுக்கே பாலம் அமைத்தவர் அவரே. மன்னர் 1559ஆம் ஆண்டில் இறந்ததும் அரசி கத்தரீன் த மெதிசி மாளிகையைத் தம் வசமாக்கிக் கொண்டார். அப்பாலத்தின் மேல் 60 மீட்டர் நீளமுள்ள மண்டபத்தை எழுப்பினார்.

1789ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பிரபுக்களின் மாளிகைகள் பல சூறையாடப்பட்டன. அப்போது ஷெனோன்சோவில் வாழ்ந்தவர் எண்பது வயதைக் கடந்த லூயீஸ் துப்பேன் அம்மையார். கல்வியறிவு மிக்க அவரை ஊரார் மதித்தனர். மாளிகைக் கோவிலில் விறகை அடுக்கி அதை விறகுக் கொட்டகையாக்கி அவர் காப்பாற்றினார் என்று கூறுவர்.

முதல் உலகப் போர்க் காலத்தில் மாளிகையின் உரிமையாளரான மெனியே குடும்பத்தார் அந்த நீண்ட மண்டபத்தைத் தம் செலவில் மருத்துவமனையாக்கினர். அரசியர் நடனமாடிய இடத்தில் காயமுற்ற வீரர்களின் கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டன. 2000க்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே சிகிச்சை பெற்றனர். 1940ஆம் ஆண்டில் ஜெர்மானியர் பிரான்சைக் கைப்பற்றியபோது, ஷேர் நதி எல்லைக்கோடாயிற்று. மாளிகையின் முன்வாசல் பகைவர் வசமிருந்த பகுதியில்; மண்டபத்தின் மறுவாசல் சுதந்திரப் பகுதியில். அந்தக் கதவின் வழியே பலர் தப்பிப் பிழைத்தனர். ஆடம்பரத்துக்காகக் கட்டிய மண்டபம் அபயம் தரும் வாசலாயிற்று!

ஷினோன்: ஒரு சிறுமியின் துணிவு

ஷினோன் நகரக் குன்றின்மேல் பழைய கோட்டையொன்று உள்ளது. 1429ஆம் ஆண்டில், ஏறத்தாழ 17 வயதுடைய கிராமத்துப் பெண் ஒருத்தி அங்கு வந்தாள். எழுதப் படிக்க அறியாத அவள், பின்னாளில் ஏழாம் சார்லஸ் மன்னராக முடிசூடியவரிடம் அஞ்சாமல் பேசினாள். படையுடன் சென்று, அவ்வாண்டு மே மாதத்தில் ஓர்லியான் நகர முற்றுகையை நீக்கினாள். அவளே ஜோன் ஆஃப் ஆர்க். 1431 மே 30ஆம் நாள் ருவான் நகரில் அவள் தீக்கிரையாக்கப்பட்டாள். அத்தீர்ப்பு தவறானது என்று 1456ஆம் ஆண்டில் அறிவித்தனர். 1920ஆம் ஆண்டில் திருச்சபை அவளைப் புனிதை என்று போற்றியது. எங்களைவிட இரண்டே வயது மூத்தவள் என்று எண்ணியபோது எங்களுக்கு மெய் சிலிர்த்தது.

கொடிக்கு வந்த நோய்

மாளிகைகளைப் போலவே திராட்சைத் தோட்டங்களும் அழிவைக் கண்டன. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ‘பிலாக்செரா’ என்னும் மிகச் சிறிய பூச்சி வேர்களைத் தாக்கி, பிரான்சின் கொடிகளைப் பெருமளவில் அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேர் இப்பூச்சியைத் தாங்கக் கூடியது. ஆகவே அவ்வேரின்மீது பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினர், கொடி பிழைத்தது. தீமை வந்த நாட்டிலிருந்தே அதற்கு மருந்தும் வந்தது. இன்றும் பிரான்சின் திராட்சைக் கொடிகள் பெரும்பாலும் ஒட்டுச் செடிகளே.

முடிவுரை

சல்லியிலிருந்து ஷலோன் வரையுள்ள 280 கிலோமீட்டர் நீள லுவார்ப் பள்ளத்தாக்கை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மாளிகைகளை மட்டுமன்றி, நதியையும் ஊர்களையும் உழவர் வளர்த்த தோட்டங்களையும் சேர்த்தே அப்பெருமை தரப்பட்டது.

இவற்றையெல்லாம் படித்தபின், நாங்கள் எங்கள் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினோம். அரசர்களின் பெயரை அழிக்கவில்லை. அருகிலேயே கத்ரீன், பிலிப், லூயீஸ், ஜோன் ஆகிய பெயர்களையும் எழுதினோம். எங்களுள் ஒருத்தி, “கல் வெட்டியவர்கள், கொடி கவாத்து செய்தவர்கள் பெயர் எங்கே?” என்று கேட்டாள். அப்பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே படத்தின் அடியில் ஒரு வரி இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

அவ்வெற்றிடத்தைக் கண்ட சிஸ்டர் புன்னகை புரிந்தார். “இந்த வரியைத்தான் நான் எதிர்பார்த்தேன்” என்றார். தோழியரே, நம் பெயர் கல்லில் பொறிக்கப்படாவிட்டாலும் நம் கைவேலை நிலைத்து நிற்கும். ஆகவே நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணி சிறிதாயினும் அதைச் செவ்வனே செய்வோம்!