அடிக்காத கையும் நெரிக்கும்

நம்பிக்கை: “கை நீட்டறதில்ல, குடிக்கறதில்ல. அப்புறம் என்னம்மா குறை?”

பிரிக்ஃபீல்ட்ஸோ கிள்ளானோ, மனக்குறையோடு வரும் மகளிடம் பெற்றோர் இப்படித்தான் கேட்கிறார்கள்.

உண்மை: மலேசியச் சட்டமே இதை ஏற்கவில்லை. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், மனத்தைக் காயப்படுத்துவதையும் வன்முறை என்றே சேர்த்தது. பதிவு செய்யாமல் கோவிலில் தாலி கட்டிக்கொண்டவர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. காதலர்களுக்குத்தான் இல்லை, அது பெரிய ஓட்டை.

நம்பிக்கை: “சந்தேகப்படறதும் பாசம்தான்.”

உண்மை: இந்த ஒரு பேச்சு எத்தனை பேரை வாயடைக்க வைத்திருக்கிறது! சொன்னது நாளை நம்மீதே திரும்பாது என்ற தைரியத்தில்தான் இருவர் நெருங்குகிறார்கள். பிறரை ஆட்டுவிக்கும் குணமுள்ளவர் அந்தத் தைரியத்தைத்தான் முதலில் உடைக்கிறார். அப்பாவின் கடனைப் பற்றி மனைவி இரவில் அழுது சொன்னது, அடுத்த சண்டையில் மாமியார் முன்னால் குத்தலாக வருகிறது. அவள் பேச்சை அளக்கத் தொடங்குகிறாள். தோழியோடு தேநீர் குடித்ததற்குக்கூடப் பொய் சொல்கிறாள். கைப்பேசியைத் துழாவி அந்தப் பொய்யைப் பிடித்ததும், “பார்த்தியா, நான் சந்தேகப்பட்டது சரிதானே?” என்கிறார் கணவர். அவர் உண்டாக்கிய பயமே அவருக்குச் சாட்சியாகிவிடுகிறது. அதன்பின் படுக்கையிலும் அவள் இணங்குவது ஆசையால் அல்ல, மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே என்ற அச்சத்தால். இதை நான் பாசம் என்று ஒருபோதும் சொல்லமாட்டேன்.

நம்பிக்கை: “அப்படிப்பட்டவங்களைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.”

உண்மை: தெரியாது. தற்பெருமை, தந்திரம், இரக்கமின்மை ஆகிய மூன்று குணங்களையும் 2002இல் கனடாவின் உளவியலாளர்கள் பால்ஹஸும் வில்லியம்ஸும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். அவர்கள் சோதித்தது சிறைக் கைதிகளை அல்ல, சாதாரணப் பல்கலைக்கழக மாணவர்களை. இக்குணங்கள் எல்லாரிடமும் கூடியும் குறைந்தும் இருப்பவை. பெண்ணிடமும் இருக்கும், ஆட்டுவிக்கப்படும் கணவன் வெளியே சொல்ல இன்னும் கூசுவான். இக்குணங்கள் கூடுதலாக உள்ளவர் தொடக்கத்தில் மிக இனியவராகவும் தெரியலாம்.

நம்பிக்கை: “ஒரு பிள்ளை பிறந்தா திருந்திடுவார்.”

உண்மை: மிரட்டுவதற்கு இன்னொரு பிடி கிடைக்கும், அவ்வளவுதான்.

நம்பிக்கை: “போலீசுக்குப் போகணும், இல்லைன்னா பொறுத்துக்கணும்.”

உண்மை: அதற்கு முன்பே பேச ஆள் உண்டு. அரசாங்கத்தின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே, 15999 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைப்பை எடுக்கிறது. பெண்களுக்கு, 1982 முதல் இயங்கும் பெண்கள் உதவி அமைப்பும் இருக்கிறது. காயத்தைக் காட்ட வேண்டியதில்லை. வீட்டில் நடப்பதைச் சொன்னால் போதும்.